இலையோரம் எட்டணா

கருத்தக்கண்ணன் வீட்டில் ஒரு வேளை சாப்பிடுவதற்கு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போக எனக்கு முப்பத்தேழு நாள் ஆனது. சாப்பிடத்தான் கூப்பிட்டேன், கிணறு வெட்டக் கூப்பிடவில்லை. அவர்கள் சொன்ன சாக்குகளை எழுதி வைத்திருந்தால் ஒரு நோட்டுப் புத்தகம் நிறைந்திருக்கும்.

என் பெயர் பேச்சிமுத்து. அப்போது சின்னமனூரில் ஒரு ரைஸ் மில்லில் எஞ்சின் டிரைவராக இருந்தேன். கருத்தக்கண்ணன் எனக்கு மச்சான் முறை, சின்ன வயதிலிருந்து கூட்டாளி. இருபத்தேழாம் வருஷம் ஒரு செட்டியாரின் வட்டிக்கடைக் கிட்டங்கிக்குக் காவல் வேலைக்கென்று சைகோனுக்குக் கப்பலேறினான். இப்போது வியட்நாம் என்று பேப்பரில் போடுகிறார்களே, அந்த நாட்டு ஊர். ஒன்பது வருஷம் கழித்து, வட்டித் தொழில் படுத்து, கிட்டங்கியைப் பூட்டியதும் திரும்பி வந்தான். கூடவே அந்த ஊர்ப் பெண்டாட்டி லானும், இரண்டு வயசு மகள் ராஜாத்தியும் வந்தார்கள். அவன் அண்ணன் தம்பிகள் வாசலிலேயே நிறுத்தி, "நீ மட்டும் உள்ள வா" என்றார்கள். அவன் உள்ளே போகவில்லை. மேகமலைக்குப் போகிற ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் இரண்டு அறை உள்ள வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தான்.

பங்கு நிலத்தில் கால் வைக்கவும் விடவில்லை. அப்புறம் எப்படிப் பிழைப்பது? லான் சமைத்தாள். முன்னறையில் நாலு பலகையைப் போட்டு, வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட்டாள். போர்டு கிடையாது, பெயர் கிடையாது. "சைகோன்காரி வீடு" என்றால் கம்பம் வரைக்கும் தெரியும். எஸ்டேட்டுக்கு ஏறுகிற வண்டிக்காரர்கள், கங்காணிகள், உத்தமபாளையத்து ராவுத்தர்மார், மரம் அறுக்க வருகிற மலையாளத்து ஆட்கள், எல்லோரும் அங்கேதான். கோழியை எலும்போடு விடியற்காலையிலிருந்து கொதிக்க வைத்த சாறு. அதில், குருணை அரிசியை அரைத்து ஆவியில் வேகவைத்து நாடா நாடாவாக நறுக்கிப் போட்டிருப்பாள். நம் இடியாப்பத்துக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். குருணை என் மில்லிலிருந்துதான் போகும். சாப்பாடு இரண்டணா. நானும் வாரத்தில் மூன்று நாள் அங்கே சாப்பிட்டேன்.

எங்கள் ஆட்கள் மட்டும் அந்த வீட்டைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள். அயிரை மீனையும் உப்பையும் ஜாடியில் போட்டு மாசக்கணக்கில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை இறுத்துத்தான் அவள் எல்லாவற்றுக்கும் ஊற்றுவாள். நாற்றம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தன் வீட்டில் கருவாடு வறுத்தால் மணக்கிறது என்கிறவன், அவள் வீட்டு ஜாடிக்கு மட்டும் மூக்கைப் பொத்தினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்படியே காலம் போயிருக்கும். ராஜாத்திக்கு ஐந்து வயசானதுதான் வினை. எங்கள் பக்கம் பிள்ளைக்கு மாசி சிவராத்திரியில் குலதெய்வக் கோயிலில் காது குத்த வேண்டும். மூன்று வயசில் விட்டால் ஐந்தில் குத்தியே ஆக வேண்டும். குத்தாத பிள்ளை எந்தக் கொத்திலும், எந்த வம்சத்திலும் சேராத பிள்ளை. நாளைக்குப் பெண் கேட்டு யாரும் அந்த வாசலுக்கு வர மாட்டார்கள். கோயிலில் குத்த வேண்டுமென்றால் கோயில் வரி கட்டியிருக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு ரூபாய். யார் வீட்டு வரியை வாங்குகிறார்களோ அந்த வீடு கணக்கில் உண்டு. கருத்தக்கண்ணன் மூன்று வருஷமாக ரூபாயை நீட்டினான், அவர்கள் மூன்று வருஷமாக வாங்கவில்லை.

குலசாமியின் நகையும் துணியும் வைக்கிற சாமிப் பெட்டி இருப்பது பெரிய வீட்டுச் சீனிச்சாமியிடம். வரி வாங்குவதும் அவர்தான். தை பிறந்ததும் நானும் கருத்தக்கண்ணனும் அவர் முன்னால் போய் நின்றோம். வெகுநேரம் மீசையைத் தடவிவிட்டுச் சொன்னார்.

"நான் ஒருத்தன் முடிவெடுத்தா நாளைக்கு ஏசுவாக. மூணு பங்காளி, ஒரு மாமன் மச்சான். நாலு பேரு அந்தப் பொம்பள கையால சோறு வாங்கித் தின்னுட்டு, சாமிப் பெட்டி முன்னாடி வந்து தின்னோம்னு சொல்லட்டும். நான் வரிய வாங்கிக்கிறேன். காத கோயில்ல குத்திக்கிரு. ஒரு பய வாயத் தொறக்க மாட்டான்."

கருத்தக்கண்ணன் அங்கேயே அவர் காலில் விழுந்தான். மாமன் மச்சானுக்கு நான் இருக்கிறேன். இன்னும் மூன்று பங்காளிகள், அவ்வளவுதானே என்று நினைத்தேன். எனக்கு அறிவு அவ்வளவுதான்.

மூன்று பேரையும் நானே பொறுக்கினேன். ஒச்சாண்டி, நல்லகண்ணு, ராக்கையா. மூவரும் கருத்தக்கண்ணனின் பங்காளிகள், எங்களோடு சேர்ந்து திரிந்தவர்கள். சைகோனிலிருந்து அவன் கொண்டுவந்த சிகரெட்டை ஆளுக்கு ஒரு டப்பாவாக வாங்கிக்கொண்டவர்கள்.

ஒச்சாண்டிக்கு முதல் வாரம் அறுவடை, அடுத்த வாரம் அமாவாசை, அதற்கடுத்த வாரம் பல்வலி. நல்லகண்ணு நாட்டு மருந்து தின்பதாகவும் இருபத்தொரு நாள் பத்தியம் என்றும் சொன்னான். பத்தியத்தின் ஒன்பதாம் நாள் தேனிச் சந்தையில் அவனைப் பார்த்தேன். இலையில் ஈரல் வறுவலை வைத்துக்கொண்டு நின்றான். என்னைக் கண்டதும், "மருந்துக்கு இது ஆகும்னாக" என்றான். ராக்கையாதான் இவர்கள் எல்லோரையும் விட மோசம். அவன் சாக்கே சொல்ல மாட்டான். "வாரேன் பேச்சி, கண்டிப்பா வாரேன்" என்பான். வர மாட்டான்.

ஒவ்வொரு தடவையும் லான் கோழி அடிப்பாள். நாலு பலகையைக் கழுவிப் போடுவாள். ராஜாத்திக்குத் தலைசீவிப் பூ வைத்து வாசலில் நிறுத்துவாள். பகல் மூன்று மணி வரைக்கும் பார்ப்போம். அப்புறம் அந்தக் கோழியை வண்டிக்காரர்கள் தின்றுவிட்டுப் போவார்கள். இப்படி நாலு கோழி போனது. நான் மில்லுக்குத் திரும்பிப் போய் எஞ்சினை உதைத்தேன். அதன்மேல் என்ன தப்பு, பாவம்.

சிவராத்திரிக்கு ஐந்து நாள் இருக்கும்போது மூவரையும் ஒரே இடத்தில் மடக்கினேன். "நாளைக்கு மத்தியானம் வரலைன்னா, இனி உங்க மூணு பேரு நெல்லும் என் மில்லுல அரைபடாது. நடந்து உத்தமபாளையம் போங்க" என்றேன். மில் என்னுடையது இல்லை, ஆனாலும் எஞ்சின் என் கையில் இருந்தது. வருகிறோம் என்றார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் லானோடும் எனக்குச் சண்டை. அவள் ஊரில் நடுவில் ஒரு தாம்பாளம், அதில் நாலைந்து கிண்ணம். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஒரே கிண்ணத்திலிருந்து எடுத்துத் தின்பார்களாம். தனித்தனியாகப் போட்டால் பகையாளிக்குப் போட்ட மாதிரி என்றாள்.

"ஆத்தா, நீ நல்லா இருப்ப" என்றேன். "ஒரே சட்டில நாலு பேரு கைய விட்டா எச்சின்னு எந்திரிச்சுப் போயிருவானுக. ஆளுக்கு ஒரு இலை போடு. வாழை இலை."

"சாறு ஓடும், அண்ணே."

"ஓடாது."

அவள் பேசாமல் ஓர் இலையைக் கொண்டுவந்து விரித்து, ஓர் அகப்பை சாற்றை ஊற்றினாள். அது ஓடி வந்து என் வேட்டியை நனைத்தது. "பாத்தீகளா?" என்றாள். கடைசியில் சாற்றுக்கு நாலு புது மண்கலயம் வாங்கி வந்தேன். திருநீற்றுப்பச்சையைப் பிய்த்து மேலே தூவுவாள். அது சாமிக்குப் போடுகிற இலை, வேண்டாம் என்றேன். முளைகட்டிய பாசிப்பயறைப் பச்சையாகப் போடுவாள். முளைப்பாரியைத் தின்னச் சொல்கிறாள் என்பார்கள், அதுவும் வேண்டாம் என்றேன். மீன் தண்ணீர் ஜாடியைக் கொல்லைக்குக் கொண்டுபோகச் சொன்னேன்.

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "எங்க ஊருச் சாப்பாட்டுல இனி என்னண்ணே இருக்கு?" என்று கேட்டாள். "எல்லாம் ராஜாத்திக்காகத்தேன்" என்று சொல்லித் தப்பித்தேன்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு வர வேண்டியவர்கள் இரண்டரைக்கு வந்தார்கள். நான் ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து செருப்பு வார் அறுந்துபோனது. கோபத்தில் என்னென்னவோ கேட்க நினைத்தேன். வாசலில் மூன்று பேரையும் சேர்த்துப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோனது. கருத்தக்கண்ணன் கால் கழுவத் தண்ணீர் கொடுத்தான். "வாங்க, உக்காருங்க" என்றாள் லான். சேலையை நம் பெண்கள் மாதிரியே பின்கொசுவம் வைத்துக் கட்டியிருந்தாள். அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, நான் சொல்லவில்லை.

முதலில் அரிசிமாவை வட்ட வட்டமாக வார்த்துக் காய வைத்த தகடுகளை வைத்தாள். நல்லகண்ணு அப்பளம் என்று நினைத்து மேலே ஒரு தட்டுத் தட்டினான். அது நொறுங்கவில்லை. அவன் விழித்த விழி இருக்கிறதே, லான் சிரித்துவிட்டாள். அவளே ஒன்றை எடுத்துத் தண்ணீரில் முக்கி, அது துணி மாதிரித் துவண்டதும் கோழிக்கறியும் மல்லித்தழையும் வைத்துச் சுருட்டி அவன் இலையில் வைத்தாள். கடித்துப் பார்த்தவன், "ஏலே, நல்லாருக்குலே" என்றான். அப்புறம் அவனே முக்கி, அவனே சுருட்டினான். ஒன்பது தின்றான். இருபத்தொரு நாள் பத்தியக்காரன்.

ராக்கையா சாற்றை மூன்று கலயம் குடித்தான். "ஆத்தா, எலும்பு இருந்தா போடு" என்று கேட்டு வாங்கினான். ஒச்சாண்டி கலயத்தில் ஒரு நாடா மிச்சமில்லை. கருத்தக்கண்ணன் பரிமாறிக்கொண்டே என்னைப் பார்ப்பான், நான் அவனைப் பார்ப்பேன். முப்பத்தேழு நாள் கோபமும் எங்கே போனதென்று தெரியவில்லை. இந்தப் பயல்களைப் போய் வைதோமே என்றுகூட நினைத்தேன்.

கை கழுவ எழுந்தோம். கொல்லை வாசலில் கருத்தக்கண்ணன் செம்பில் தண்ணீர் ஊற்றினான். ஒச்சாண்டி கையைத் துடைத்துக்கொண்டு திரும்ப உள்ளே வந்தான். மடியை அவிழ்த்து நாலணாவை எடுத்து இலையோரம் வைத்தான். நல்லகண்ணுவும் வைத்தான். ராக்கையா எங்களையெல்லாம் ஒரு தடவை பார்த்துவிட்டு, அவனும் வைத்தான்.

எனக்கு ஒன்றும் தப்பாகப் படவில்லை. அதைத்தான் இன்றுவரைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஏழை வீட்டில் ஓசியில் தின்னக் கூடாது என்று வைக்கிறார்கள், நல்ல மனசுதான் என்று நினைத்தேன். நாலு கோழி வீணானதும் ஞாபகம் வந்தது. மூன்று பேர் வைத்த பிறகு நான் மட்டும் வைக்காமல் போவதா என்ற வீம்பு வேறு. சட்டைப் பையிலிருந்து எட்டணாவை எடுத்து என் இலையோரம் வைத்தேன். பெரிய மனுஷன் மாதிரி வைத்தேன்.

லானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்று வருஷமாக அந்த அறையில் சாப்பிட்டவர்கள் எல்லோரும் காசு வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். சாப்பாடு பிடித்தால் காசு, அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். காசுகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஓடிப் போய் டப்பாவைத் திறந்து, ஒவ்வொருவருக்கும் இரண்டணா மீதி கொடுத்தாள். எனக்கு ஆறணா கொண்டுவந்தாள், "வச்சுக்கம்மா" என்றேன். ஒச்சாண்டி மீதியை வாங்கி மடியில் முடிந்துகொண்டு, "அப்ப வாரோம்" என்றான்.

கருத்தக்கண்ணன் கொல்லை வாசலில் செம்போடு நின்றுகொண்டிருந்தான். தண்ணீர் அவன் காலில் கொட்டிக்கொண்டிருந்தது. ஆள் சந்தோஷத்தில் மரத்துப்போய் நிற்கிறான் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பெரிய வீட்டில் கூடினோம். சாமிப் பெட்டியை நடுவில் வைத்துச் சூடம் கொளுத்தியிருந்தார்கள். பங்காளிகள் முப்பது பேர் இருப்பார்கள். கருத்தக்கண்ணன் ஓரமாக, வெற்றிலையில் ஒரு ரூபாயை வைத்துக்கொண்டு நின்றான். சீனிச்சாமி கேட்டார்.

"ஒச்சாண்டி, அந்த வீட்டுல சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் சின்னய்யா. நாலணா குடுத்தேன், ரெண்டணா மிச்சம் குடுத்தாக."

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நல்லகண்ணுவும் அதையே சொன்னான். ராக்கையா தரையைப் பார்த்துக்கொண்டு, "காசு குடுத்துத்தேன்" என்றான்.

"காசு குடுத்துத் தின்னா அது கடை" என்றார் சீனிச்சாமி. "மதுரைக்குப் போனா கிளப்புக் கடையில யாரு சமைச்சான்னா கேக்குறோம்? தின்னுட்டு வாரோம். அதுனால அவுக நம்ம சொந்தம்னு ஆயிருமா? சரி. பேச்சி, நீயாச்சும் சொல்லு. நீ எப்படிச் சாப்ட்ட?"

பொய் சொல்லியிருக்கலாம் என்று பிறகு நூறு தடவை நினைத்திருக்கிறேன். எதிரே சூடம் எரிகிறது. பக்கத்தில் ஒச்சாண்டி நிற்கிறான். என் எட்டணாவை அவன் கண்ணால் பார்த்தவன்.

"எட்டணா வச்சேன்" என்றேன்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்கு வெறி பிடித்துவிட்டது. "இன்னைக்கே போயி ஓசில தின்னுட்டு வந்து நிக்கிறேன். சாமி கேக்கட்டும்" என்று கத்தினேன்.

"நீ ஒருத்தன் தின்னா ஆச்சா? மூணு பங்காளி வேணும்ல" என்றார் அவர். அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. கருத்தக்கண்ணன் ரூபாயை வெற்றிலையோடு மடித்து மடியில் வைத்துக்கொண்டு வெளியே போனான்.

ஒச்சாண்டியைக் கேட்டுப் பயனில்லை. அது அவன் போட்ட திட்டம், அதில் அவனுக்குப் பெருமையும் உண்டு. ராக்கையாவைத்தான் வாய்க்கால் கரையில் பிடித்து நிறுத்தினேன். துண்டைப் பிடித்து இழுத்த இழுப்பில் அது கிழிந்துவிட்டது.

"மூணு கலயம் குடிச்சியேலே. எலும்பு கேட்டு வாங்கித் தின்னியே. உனக்கு மனசாட்சி இருக்கா?"

அவன் கிழிந்த துண்டைப் பார்த்தான். "சித்திரைல மகளுக்குக் கல்யாணம், பேச்சி. சம்பந்தகாரவுக ஒரு வார்த்த கேட்டா நான் என்ன சொல்ல? உனக்கும் இல்லைன்னு சொல்ல முடியல, அவுகளுக்கும் ஆமான்னு சொல்ல முடியல. ஒச்சாண்டிதேன் இந்த வழியச் சொன்னான். காசு வச்சா ரெண்டு பேருக்கும் பொதுவாப் போயிரும்னான்." அவன் கண் கலங்கியிருந்தது. அவனை அடிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. விட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அக்கம்மாளிடம் சொன்னேன். என் பெண்டாட்டி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவே இல்லை. "நீங்க காசு வச்சது நல்லதாப் போச்சு" என்றாள். "கஸ்தூரியப் பாக்க வர்ற புதன்கெழம கம்பத்துலருந்து வாராக. இந்த நேரத்துல உங்களுக்கு ஊர் வம்பு எதுக்கு?" கஸ்தூரி எங்கள் மூத்த மகள். பதினைந்து வயசு. கம்பத்து வரன் நல்ல வரன். நான் சோறு வேண்டாம் என்று எழுந்து வெளியே போனேன். போனால் கால் தானாகக் கருத்தக்கண்ணன் வீட்டுக்குத்தான் போனது.

அவன் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான்.

"உனக்கு அப்பவே தெரியுமா?" என்றேன்.

"ஒச்சாண்டி மடிய அவுக்கும்போதே தெரியும்."

"அப்ப வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன? காசை எடுங்கடான்னு ஒரு சத்தம் போட்டிருக்கலாம்ல?"

அவன் கோடாலியைக் கீழே வைத்தான். "அவ ஓடி ஓடி மிச்சம் குடுத்தத நீ பாத்தியா மச்சான்? ஊருக்கு வந்து மூணு வருஷத்துல அவ அப்படிச் சிரிச்சு நான் பாக்கல. அந்த நேரத்துல அவகிட்ட என்னத்தச் சொல்ல?" பிளந்த விறகைச் சுவரோரம் அடுக்கிக்கொண்டே சொன்னான். "மூணு பேரு வச்சப்பக்கூட எனக்கு நம்பிக்கை போகல. நீ வைக்க மாட்டன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ எட்டணா வச்ச."

செருப்பால் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். வாரத்தில் மூன்று நாள் அந்த வீட்டில் சாப்பிட்டு, ஒரு நாள்கூடக் காசு வைக்காமல் நான் எழுந்ததில்லை. அவர்களுக்கு உதவி செய்கிறோம் என்று நினைத்துத்தான் வைத்தேன். ஒரு மச்சான் வீட்டில் அப்படிச் சாப்பிடுவேனா? தங்கச்சி வீட்டில் சாப்பிடுவேனா?

உள்ளே லான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் எல்லாவற்றையும் அவள் பாஷையில் ஏற்கெனவே சொல்லியிருந்தான். அவள் என்னைப் பார்த்தாள். எப்போதும் "வாங்கண்ணே" என்பவள் மறுபடி பாத்திரத்தைத் தேய்த்தாள்.

சிவராத்திரி அன்று ஊரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேளத்தோடு கோயிலுக்குப் போனது. கருத்தக்கண்ணன் உத்தமபாளையத்திலிருந்து பலவேசம் ஆசாரியை வரவழைத்திருந்தான். வீட்டிலேயே குத்திவிடுவது என்று லான் சொல்லிவிட்டாளாம். யாருக்காகவும் பிள்ளையின் காது காத்திருக்காது என்றாளாம். எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஆசாரி மில் வழியாகப் போனதைப் பார்த்துத்தான் தெரியும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பின்னாலேயே போனேன்.

முன்னறையில் பலகைகளை ஒதுக்கி, நடுவில் ஒன்றைப் போட்டிருந்தார்கள். ராஜாத்தி புதுப் பாவாடையில் இருந்தாள். ஆசாரி கம்பியைத் துடைத்து, மஞ்சளைத் தொட்டு இரண்டு காதிலும் புள்ளி வைத்தார். வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"தாய்மாமன் யாரு? மடில வச்சு உக்காரச் சொல்லுங்க."

எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவது. லானின் அண்ணன் தம்பிகள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். கருத்தக்கண்ணன் ஒரு நொடி என்னைப் பார்த்தான், உடனே பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டான். அவனுக்கு மச்சான் முறை என்றால் அவன் பிள்ளைக்கு நான் மாமன்தானே. ஊர் கூட்டிக் கேட்டாலும் முறை அதுதான். ஆனால் அந்தப் பலகையில் உட்கார்ந்தால் அது ஒரு வேளைச் சாப்பாடு மாதிரி இல்லை. அது தெருவுக்குத் தெரிந்துவிடும், புதன்கிழமைக்குள் கம்பத்துக்கும் தெரிந்துவிடும். கஸ்தூரி முகம் வந்தது. அக்கம்மாள் முறம் வந்தது. ஒச்சாண்டியைச் சதிகாரன் என்றேன், ராக்கையாவைக் கோழை என்று துண்டைக் கிழித்தேன். இப்போது என் கால் அந்த வீட்டு நிலையைத் தாண்டவில்லை. யார்மேல் கோபப்படுவதென்று தெரியாமல் நின்றேன்.

ரொம்ப நேரமெல்லாம் இல்லை. ஆசாரி இன்னொரு தடவை கேட்கிற நேரம்தான். அதற்குள் லான் வந்து பலகையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, பிள்ளையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"குத்துங்க" என்றாள்.

"தாயி, மாமன் இல்லாம..."

"குத்துங்க."

ஆசாரி கருத்தக்கண்ணனைப் பார்த்தார். அவன் தலையாட்டினான். வலது காதில் கம்பி ஏறியது. ராஜாத்தி போட்ட சத்தத்தில் ரோட்டில் போன மாட்டுவண்டி நின்றது. லான் பிள்ளையின் தலையைத் தன் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் ஒரு சுளிப்பில்லை. நான் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டேன். எப்போது வைத்தேன் என்று தெரியாது.

"நான் உக்காந்திருக்கணும்" என்றேன். அது யாருக்கும் பயன்படாத பேச்சு என்று சொல்லும்போதே தெரிந்தது.

லான் நிமிர்ந்து பார்த்தாள். அவளும் கோபமாகத்தான் இருந்தாள்.

"இன்னொரு காது இருக்குல்ல" என்றாள்.

அவள் எழுந்து பலகையை விட்டாள். நான் உட்கார்ந்தேன். பிள்ளையை என் மடியில் வைத்தாள். அது திமிறிய திமிறலில் நான் இரண்டு கையாலும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆசாரி வழக்கப்படி, "மாமன் பேரு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் லான் சொல்லிவிட்டாள், தெருவில் நின்ற வண்டிக்காரனுக்கும் கேட்கும்படியாக.

"பேச்சிமுத்து."

கம்பி ஏறும்போது ராஜாத்தி என் கையைக் கடித்தாள். நான் விடவில்லை.

கம்பத்துக்காரர்கள் புதன்கிழமை வரவில்லை. அக்கம்மாள் என்னோடு பதினோரு நாள் பேசவில்லை, கஸ்தூரி அதற்கு மேலும் பேசவில்லை. ராஜாத்தியோ என்னைக் கண்டாலே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிடுவாள். மாமா என்று கூப்பிட அவளுக்கு ஆறு மாசம் ஆனது.